சலவைக்கடையின் இரண்டு சீட்டு வண்டி

முதலில் இஸ்திரியக்காவின் கண்ணில் பட்டது வண்டி இல்லை. வண்டியைப் போர்த்தியிருந்த துணிதான்.

பல் டாக்டர் வீட்டு வெள்ளைக் கோட்டுகளோடு அந்தப் பெரிய போர்வையும் அவ்வப்போது சலவைக்கு வரும். மற்ற கார்ப் போர்வைகளைப் பெட்டிக்கு உறை தைத்த மாதிரி சதுரமாகத் தைத்திருப்பார்கள். இது முன்னால் நீண்டு, நடுவில் குழிந்து, பின்னால் சட்டென்று முடிந்துவிடும். துவைத்துக் காயப்போட்டால் கொடியில் ஏதோ மிருகம் படுத்துத் தூங்குவது போல இருக்கும். "இதுக்குள்ள என்னதான் டாக்டர் வச்சிருக்கீங்க?" என்று அக்கா ஒருநாள் கேட்டேவிட்டாள். அவர் வீட்டுக்குக் கூட்டிப்போய்த் திறந்து காட்டினார். கூரையை மடக்கிவிடலாம். இரண்டே சீட்டு. சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார். அக்கா ஒரு வார்த்தை பேசாமல் கடைக்குத் திரும்பினாள். அவள் பேசாமல் திரும்பினாள் என்பதே அன்று தெருவில் பெரிய செய்தி.

அவளை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில், குனிந்தால்தான் நிற்க முடியும் என்கிற இடத்தில், இரவல் இஸ்திரிப் பெட்டியோடு தொழிலை ஆரம்பித்தாள். நாற்பத்தைந்து வயதில் சொந்தக் கடை, நாலு இயந்திரம், நாலைந்து விடுதிகளின் படுக்கை விரிப்புகள், ஒரு மருத்துவமனையின் துணி முழுக்க அவள் கையில். "இந்த ஊர்ல சட்டை போட்டவன்ல பாதிப் பேரு என் மடிப்போடதான் நடக்கிறான்" என்பாள். பெருமை பேசுகிறாள் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பேசட்டுமே! படிக்கு அடியிலிருந்து நிமிர்ந்து வந்தவள் கொஞ்சம் நிமிர்ந்து பேசினால் யாருக்கு என்ன நஷ்டம்?

டாக்டர் வெளிநாட்டில் மகனோடு போய் இருக்க முடிவு செய்தபோது வண்டியை அக்காவிடமே கொடுத்தார். போர்வையை இவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டவள் வண்டியையும் பார்த்துக்கொள்வாள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. வண்டி வந்து நின்றதும் நாத்தனார் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"ஏன் அண்ணி, தினம் இத்தனை மூட்டை வெளிய போகுது. இதுல ரெண்டே சீட்டு. மூட்டையைத் தலையிலயா வச்சிக்குவீங்க?"

"பக்கத்து சீட்டுல உட்கார வச்சு பெல்ட் போட்டுக் கூட்டிட்டுப் போவேன். உன்னை மாதிரி வழியெல்லாம் தொணதொணக்காது."

சொன்னபடியே செய்தாள். தினமும் விடிந்ததும் விரிப்பு மூட்டை ஒன்று பெல்ட் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காரும். பின்பெட்டியில் தலையணை உறைகள். மழை பெய்தால் கூரையின் தையல் வழியாக ஒழுகும். மூட்டைக்குப் பிளாஸ்டிக், அக்காவுக்குத் தலையில் ஒரு துண்டு. மருத்துவமனை வாசலில் காவலாளி பெரிய டாக்டர் வருகிறார் என்று நினைத்து சல்யூட் அடித்துவிட்டுப் பிறகு சிரிப்பார். அக்கா சிரிக்க மாட்டாள். அந்த சல்யூட்டை முறைப்படி வாங்கிக்கொள்வாள்.

அவள் வீட்டுக்காரர் டவுன் பஸ் டிரைவர். ஆயுசு முழுக்கப் பஸ் ஓட்டி, ஒரு சைக்கிளைக்கூட உரசாதவர். கண் பரிசோதனையில் ஒரு கண் மங்கல் என்று சொல்லி, ஓய்வு வயதுக்கு முன்பே ஸ்டியரிங்கிலிருந்து இறக்கிவிட்டார்கள். அதற்கப்புறம் கடை மூலையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து தலையணை உறை மடிப்பார். மடித்ததையே பிரித்து மறுபடி மடிப்பார். யாராவது கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்பிப் பார்ப்பார். கடை எவ்வளவு வளர்ந்தாலும், அந்த மூலையைப் பார்க்கும்போது மட்டும் அக்காவுக்கு வாய் அடைத்துப்போகும்.

சிவப்பு வண்டி முதல்முறை கடை வாசலில் உறுமிக்கொண்டு நின்றபோது மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஒரு சிலிண்டர் சோம்பேறித்தனம் பண்ணுது."

"என்னது?"

"நாலுல ஒண்ணு சரியா வேலை செய்யலைங்கிறேன். பிளக்கா இருக்கும். அணைச்சிட்டு மூடியைத் தூக்கு."

மடித்துக்கொண்டிருந்த உறையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தார். அன்றைக்கு எழுந்தவர்தான்; நாற்காலியில் துணி மூட்டை ஏறிக்கொண்டது.

வண்டியைப் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோகலாம் என்ற யோசனையைக் கிளப்பியவர் நகைக்கடைத் தம்பி. பட்டுச் சட்டைகளை அக்காவைத் தவிர வேறு யாரிடமும் கொடுக்காத மனிதர். விலை உயர்ந்த புது வண்டி ஒன்று வைத்திருந்தார். ஊருக்கு வெளியே பந்தயத் தடம் இருக்கிறது, சில ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்த வண்டி வைத்திருக்கிற யாரும் உள்ளே போய் ஓட்டலாம், போட்டி கிடையாது, பரிசு கிடையாது, ஆசைதீர ஓட்டலாம் என்றார்.

"போலீஸ் நிறுத்த மாட்டாங்களா தம்பி?"

"அங்க மெதுவாப் போனாதான்க்கா திட்டுவாங்க."

அது போதுமே அக்காவுக்கு.

அந்தக் காலத்துச் சனிக்கிழமை மத்தியானங்களை நினைத்தால் அவளுக்கு இப்போதும் இரண்டு வாசனை ஒன்றாக வரும்: சலவைத்தூளும் பிரேக் எண்ணெயும். கடையை ஒரு மணிக்கே சாத்திவிட்டு, பின்கட்டில் வண்டியை ஏற்றி நிறுத்துவார்கள். திங்கள் முதல் சனி வரை மூட்டை சுமக்கிற வண்டி ஞாயிறன்று ஓட வேண்டும். ஓடிவிட்டுத் திங்கள் காலை மறுபடி மூட்டை சுமக்க வேண்டும். வேலைக்கென்று ஒரு வண்டி, விளையாட்டுக்கென்று ஒரு வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டமும் தெரியாது, இந்தச் சுகமும் தெரியாது.

முதல் வேலை, வண்டியைக் காலி செய்வது. வளைவில் வேகமாகத் திரும்பும்போது உள்ளே எதுவும் உருளக் கூடாது. உருண்டு போய் பிரேக் மிதிக்கு அடியில் மாட்டினால் ஆளே காலி. சலவைக்கடை வண்டியில் என்னதான் கிடைக்காது? ஹேங்கர், ஊசி, சட்டைப் பித்தான், ஒற்றைக் காலுறை. ஒருமுறை சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு மாப்பிள்ளையின் கழுத்துப் பட்டி வந்தது. அதைத் தொலைத்துவிட்டாள் என்று மாப்பிள்ளை வீட்டார் ஒரு வருஷமாக அக்காவோடு பேசாமல் இருந்தார்கள். அக்கா அதை இஸ்திரி போட்டு, எடுத்துப்போய், "உங்க பட்டி பத்திரமா என்கிட்டதான் இருந்தது" என்று தலை நிமிர்ந்து கொடுத்துவிட்டு வந்தாள்.

அடுத்தது பிரேக் எண்ணெய் மாற்றுவது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். அக்கா உள்ளே உட்கார்ந்து மிதிப்பாள். டிரைவர் சக்கரத்தடியில் படுத்துத் திருகைத் திறந்து, பழைய எண்ணெயையும் காற்றையும் வெளியே விட்டு மூடுவார்.

"மிதி."

"மிதிச்சாச்சு."

"பிடி. விடாதே. விடாதே... ம், விடு. மிதி."

"எத்தனை தடவைங்க? கால் கழண்டு விழுது."

"காத்து முழுக்க வெளிய வர்ற வரைக்கும். உள்ளே ஒரு குமிழி இருந்தாலும் அங்க போய் மிதிக்கும்போது பஞ்சை மிதிச்ச மாதிரி இருக்கும். அப்புறம் காலும் கழண்டு போகும், தலையும் கழண்டு போகும். மிதி."

தெருவில் போகிறவர்களுக்கு இந்தப் பேச்சு மட்டும் கேட்கும். "இன்னைக்கு யாரு மிதி வாங்குறது, அண்ணனா அக்காவா?" என்று எட்டிப் பார்த்துக் கேலி செய்துவிட்டுப் போவார்கள்.

சக்கரத் தட்டைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் பேட் இரண்டு ஜோடி. ஒன்று தெருவுக்கு, ஒன்று தடத்துக்கு. தடத்துப் பேட் சூடேறினால்தான் பிடிக்கும். தெருவில் போட்டால் ஆட்டை அறுக்கிற மாதிரி கத்தும், முதல் சிக்னலில் நிற்கவும் நிற்காது. அதனால் தெருப் பேட்டோடு தடத்துக்குப் போய், அங்கே மாற்றி, ஓட்டி முடித்து, மறுபடி தெருப் பேட்டை மாட்டித்தான் திரும்புவார்கள். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைப்பது, சக்கர நட்டை எல்லாம் இறுகியதும் 'டக்' என்று சொல்கிற ஸ்பானரால் ஒவ்வொன்றாக இறுக்குவது, வீடு திரும்பும் முன் காற்றை ஏற்றுவது எல்லாம் டிரைவர் பொறுப்பு. அக்கா தொட வந்தால் தட்டிவிடுவார். "நீ உன் கஞ்சி வாளியைப் பாரு." கடையில் வாய் திறக்காத மனிதர், சக்கரத்தடியில் படுத்துவிட்டால் அதிகாரம் தூள் பறக்கும்.

அவருடைய சட்டத்தில் எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று உண்டு. ஓடி வந்து நின்றதும் ஹேண்ட் பிரேக்கைத் தொடவே கூடாது. பின்சக்கரத்து இரும்புத் தட்டு நெருப்பாக இருக்கும். அந்தச் சூட்டில் பேட்டை அழுத்திப் பிடித்து வைத்தால் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி ஆற வைக்க வேண்டும். நிறுத்தினால் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். கட்டையோடு அவர்தான் எப்போதும் காத்து நிற்பார். நாலு வருஷம் அப்படித்தான் நடந்தது. நகைக்கடைத் தம்பியின் வண்டிகூட இரண்டு தடவை இழுவை வண்டியில் வீட்டுக்குப் போயிருக்கிறது. மூட்டை சுமக்கிற வண்டி ஒருநாளும் போனதில்லை. அக்கா இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் என்று கேட்காதீர்கள். சட்டை கொடுக்க வந்த எல்லோரிடமும் சொன்னாள்.

ஒன்றுதான் நடக்காமல் இருந்தது. டிரைவர் அவளோடு ஒரு சுற்றும் வந்ததில்லை. "ஓட்டத் தெரிஞ்சவன் பக்கத்து சீட்டுல உட்கார்றது, பசியோட சமையலை வேடிக்கை பார்க்கிற மாதிரி" என்று சொல்லி மறுத்துவிடுவார். ஒரு ஞாயிறு, கடைசிச் சுற்றுகளுக்குக் கூப்பிட்டபோது அக்கா இரவல் ஹெல்மெட்டை அவர் மடியில் போட்டாள்.

"மூட்டையே பயப்படாம உட்கார்ந்து வருது. உங்களுக்கு என்ன?"

"மூட்டைக்கு உசுரு இல்லை."

"பயமா இருந்தா பயம்னு சொல்லுங்க. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

யாரிடமும் சொல்லாமல் இருக்க அவளால் முடியாது என்பது அவருக்குத் தெரியாதா? ஏறி உட்கார்ந்தார்.

முதல் சுற்றில் இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது சுற்றில் ஒரு கை. மூன்றாவதில், நீண்ட நேர்பாதை முடிந்து அக்கா பிரேக்கை அழுத்தி வளைவுக்குள் வண்டியைச் செருகியபோது, பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. என்னவோ உடைந்துவிட்டதென்று திரும்பிப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வாய்விட்டு, தோள் குலுங்க. கல்யாணமான புதிதில், காலி பஸ்ஸில் அவளை முன்சீட்டில் உட்கார வைத்து டிப்போ வரைக்கும் ஓட்டிக்கொண்டு போவாரே, அப்போது கேட்ட சிரிப்பு. "இன்னும் போ! போ!" என்று கத்தினார். அக்காவுக்குக் கண் கரித்தது. காற்று என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஹெல்மெட்டின் கண்ணாடி மூடியிருந்தது.

அந்த நேரம் பார்த்து சிவப்புக் கொடி. முன்னால் போன ஒரு வண்டி மண்ணில் சொருகி நின்றுவிட்டது. எல்லோரும் உடனே உள்ளே வர வேண்டும். ஆற வைக்கிற சுற்றுக்கு இடமில்லை. அக்கா நேராகத் தடத்தோரம் வண்டிகள் நிறுத்துகிற கொட்டகைக்குள் கொண்டுவந்து நிறுத்தினாள். இருவரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். கட்டையோடு காத்து நிற்கிற ஆள்தான் உள்ளேயே உட்கார்ந்து வந்துவிட்டாரே. கட்டை ஞாபகம் இருவருக்குமே இல்லை. தண்ணீர் குடித்து, பேசி, அந்த வளைவை மூன்று பேரிடம் கையால் போட்டுக் காட்டிவிட்டு, பேட் மாற்றுவதற்காக வண்டியை ஓரமாக நகர்த்த அக்கா ஏறினாள்.

வண்டி அசையவில்லை.

கீழே பார்த்தாள். இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஹேண்ட் பிரேக் மேலே தூக்கி நின்றது. அவள் தூக்கவில்லை.

டிரைவர் வெளியிலிருந்தே பார்த்துவிட்டார். வண்டி நின்றால் ஹேண்ட் பிரேக். ஆயுசு முழுக்க ஒவ்வொரு நிறுத்தத்திலும் செய்த வேலை. மனசு சிரிப்பில் இருந்தது; இறங்கும்போது அவர் கை தன் பழக்கத்தைப் பார்த்துக்கொண்டது.

அக்கா லீவரைக் கீழே இறக்கி, முன்னுக்கும் பின்னுக்கும் முயன்றாள். வண்டி முக்கியதே தவிர நகரவில்லை. "விடு, கிளச்சு கருகிடும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்ச் சுவரோரம் அடுக்கியிருந்த பழைய டயர்கள்மேல் உட்கார்ந்தார். கைகளை முழங்காலில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.  அப்படி உட்காருவதை அக்கா பார்த்திருக்கிறாள். கடை மூலையில், தலையணை உறைகளோடு.

"ஏங்க, ஸ்பானர் பெட்டியை எடுங்க. பார்க்கலாம்."

"இழுவை வண்டியைக் கூப்பிடு. நான் தொட மாட்டேன்."

"அட, ஒரு லீவரு..."

"சட்டம் போட்டவனே மறந்துட்டான். கண்ணு போச்சுன்னு இறக்குனாங்க. இப்ப புத்தியும் போச்சு. நாளைக்கு ஒரு நட்டை இறுக்காம விட்டா நீதான சாகப்போறே? இனிமே உன் வண்டிக்கு வேற ஆளைப் பாத்துக்கோ."

நகைக்கடைத் தம்பி ஓடிவந்தார். பின்னாலேயே அவருடைய மெக்கானிக்குகள் இருவர். "அக்கா, கவலையை விடுங்க. நம்ம ஆளுங்க பத்து நிமிஷத்துல கழட்டிடுவாங்க."

நல்ல மனசோடு சொன்ன வார்த்தை. காலையில் மருத்துவமனைக்கு விரிப்பு போயாக வேண்டும். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் வண்டி வீட்டுக்கு வந்துவிடும். வீட்டுக்காரர் வர மாட்டார், நாற்காலிக்குத்தான் போவார். அக்கா இடுப்பில் கை வைத்தாள். கொட்டகை முழுக்கக் கேட்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. இந்த வண்டியில இதுவரைக்கும் ஒரே ஒருத்தர் கைதான் பட்டிருக்கு. இந்த நாலு வருஷத்துல இங்க எத்தனை வண்டி புகை விட்டுச்சு, எத்தனை வண்டி சக்கரம் கழண்டு ஓடிச்சு? என் வண்டி ஒரு நட்டு உதிர்த்திருக்கா? யாரு இறுக்கின நட்டு? அரை மணி நேரத்துல அவரே எடுத்துடுவாரு. நீங்க நின்னு வேடிக்கை பாருங்க."

எல்லோரும் டயர் அடுக்கின் பக்கம் திரும்பினார்கள். அவர் தலை நிமிரவில்லை. தம்பி தரையைப் பார்த்தார். ஒருவர் தொண்டையைச் செருமினார். அக்கா வாழ்நாளில் எத்தனையோ பெருமை பேசியிருக்கிறாள். பேசிய பெருமை காலியாகத் தொங்கியது அன்றைக்குத்தான். 

பேசி முடித்தவள் சும்மா நிற்க முடியுமா? ஜாக்கியைத் தரதரவென்று இழுத்துவந்து, பின்சக்கரத்துப் பக்கத்தில் வண்டிக்கு அடியில் தள்ளி, பம்பு பண்ண ஆரம்பித்தாள். அவள் ஜாக்கி வைத்தது அதுவே முதல்முறை. தெரிந்த மாதிரிதான் வைத்தாள். இரண்டாவது அமுக்கில் அடித் தகடு 'கிரீச்' என்றது.

"அங்க வைக்காதேடி!"

கொட்டகையே திடுக்கிட்டது. டிரைவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"வேற எங்க வைக்கிறதாம்?"

"தகடு வளையுது பாரு! நாலு வருஷமா பக்கத்துலயே நின்னு பார்த்தியே, ஜாக்கி எங்க வைக்கிறதுன்னுகூடத் தெரியாதா?"

"நீங்க தொட விட்டாதானே தெரியும்!"

"தள்ளு. தள்ளு அந்தப் பக்கம். முன்சக்கரத்துக்குக் கட்டை வச்சியா? வைக்கலை. பெரிய ஓட்டக்காரி! அப்புறம் என்ன, அரை மணி நேரமா? யாரைக் கேட்டுச் சொன்னே?"

"ஆகாதா?"

"ஒரு மணி ஆகும்" என்று முறைத்துவிட்டு, சட்டையைக் கழற்றி அவள் தோளில் எறிந்துவிட்டு, தரையில் படுத்தார்.

ஒரு பக்கம் சுலபமாக விட்டுவிட்டது. மரக்கட்டை வைத்து இரண்டு தட்டு, சக்கரம் சுற்றியது. மறுபக்கம் லேசில் விடவில்லை. மங்கல் கண்ணை மூடிக்கொண்டு, நல்ல கண்ணைத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தட்டையான திருப்புளியை மெல்ல மெல்ல நெம்பினார். மெக்கானிக்குகள் இருவரும் குந்தி உட்கார்ந்து வெளிச்சம் பிடித்தார்கள். 'டப்' என்று பேட் பிரிந்தபோது அதன் சதையில் ஒரு துண்டு தட்டிலேயே ஒட்டி நின்றது. உப்புத்தாளால் அதைத் தேய்த்து எடுத்தார். கையைத் துடைத்துவிட்டுத் தெருப் பேட்டை மாட்டினார். நட்டை இறுக்கும்போது ஒவ்வொரு 'டக்'குக்கும் தலையை ஆட்டிக்கொண்டார். எல்லாச் சக்கரத்தையும் முடித்துவிட்டு, யாரும் கேட்காமலே மறுபடி முதல் சக்கரத்திலிருந்து ஆரம்பித்து, ஒருமுறை சரிபார்த்தார். அக்கா அவருடைய சட்டையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.  

தடத்துக் காவலாளி கதவைச் சாத்த வந்தபோது வண்டி சொந்தச் சக்கரத்தில் வெளியே வந்தது.  அவர் தலையை வெளியே சாய்த்துப் பின்சக்கரத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"ஏதாவது கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கலை."

 முதல் சிக்னல் தாண்டியது. மறுபடி போய் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாரோ என்று அக்கா மனசுக்குள் அடித்துக்கொண்டே ஓட்டினாள். அப்போது அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"அந்த நேர்பாதை முடியிற வளைவுல இவ்வளவு நேரம் பிரேக்கை அமுக்கணுமா?"

"என்னது?"

"நீ முன்னாடியே அமுக்கி, அமுக்கிட்டே போறே. அதான் தட்டு அவ்வளவு சூடாகுது. பக்கத்துல உட்கார்ந்து பார்த்ததுலதான் தெரியுது. பட்டுனு அமுக்கிப் பட்டுனு விடணும்."

"ஹேண்ட் பிரேக்கைப் போட்டது நீங்க. தப்பு என் பேர்லயா?"

"நான் போட்டது தப்புதான். ஆனா நீ சரியா ஓட்டியிருந்தா ஒட்டியிருக்காது."

"ஓஹோ! இறங்குங்க. இங்கயே இறங்கி நடந்து வாங்க."

"இறங்குறேன். அடுத்த தடவை அந்த வளைவை நான் சொல்ற மாதிரி எடுக்கறேன்னு சொல்லு, இறங்குறேன்."

அக்கா வண்டியை நிறுத்தவில்லை. அடுத்த தடவை என்று அவர் வாயால் வந்துவிட்டது, போதும். ஆனாலும் விட்டுக்கொடுப்பாளா? தனக்கு ஓட்டச் சொல்லித்தர இந்த ஊரில் இன்னும் ஆள் பிறக்கவில்லை என்று ஆரம்பித்தாள். அவர் பதிலுக்குத் தான் ஓட்டிய பஸ் வழித்தடங்களை எல்லாம் வரிசையாக எடுத்துவிட்டார். சிக்னலில் பக்கத்தில் நின்றவர்கள் கூரை மடித்த சிவப்பு வண்டிக்குள் இரண்டு நடுவயதுக்காரர்கள் கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போடுவதை எட்டிப் பார்த்தார்கள்.

வீடு வந்தும் சண்டை முடியவில்லை. அடுப்படி வரைக்கும் போனது. அவர் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்து, அதுதான் வளைவு என்று சொல்லி, கரண்டியை எங்கே திருப்ப வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார். அக்கா கரண்டியைப் பிடுங்கி, தன் வழியில் ஒருமுறை ஓட்டிக் காட்டினாள்.